சேலத்தில் இருந்துகொண்டு, பள்ளிக்கு அனுப்பாமல், அன்றாட வேலைகளும் வெளியே போய்வருவதும் மூலமாகவே சிறு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

உங்கள் பையனுக்கு 4 வயது, எல்கேஜிக்கு அனுப்ப மனமில்லை, ஓரிரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, அதற்குச் சேலம் போன்ற ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் மகளுக்கு இப்போது ஆறரை வயது. நாங்கள் கன்னங்குறிச்சி பக்கம் இருக்கிறோம். இரண்டரை வருடமாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. எங்களுக்கு எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவளும் ஒரு பள்ளிக்குப் போனவள்தான். நான்கு வயதில் ஒன்று முதல் ஐம்பது வரை ஐந்து முறை எழுதிவரச் சொல்வார்கள். எழுதும்போது பென்சிலை இறுக்கிப் பிடித்துப் பிடித்து நடுவிரலில் சிவந்துபோய் ஒரு தடிப்பு வந்திருந்தது. இரவு தூக்கத்தில் "இன்னும் முடிக்கலை மிஸ்" என்று முனகினாள். மறுநாள் நான் அனுப்பவில்லை. பெரிய கொள்கை எதுவும் அன்றைக்கு என்னிடம் இல்லை. பிள்ளை கொஞ்ச நாள் நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் நான் ஒரு தவறு செய்தேன். பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டையே பள்ளியாக்கினேன். கத்தரிக்காய் நறுக்கினால் "இது என்ன நிறம்?", படியேறினால் "எத்தனை படி?", பேருந்தில் போனால் "அந்த போர்டில் என்ன எழுத்து?" என்று விடாமல் கேட்டேன். ஒரு மாதம் பொறுத்தவள் ஒருநாள் கடைவீதியில் என் கையை உதறிவிட்டு, "கேள்வி கேக்காம வாம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன்: பிள்ளைக்கு நிஜ வேலையில் நிஜமான பங்கு கொடுப்பது, அவளாகக் கேட்கும்வரை நான் வாயைத் திறக்காமல் இருப்பது. இதில் இரண்டாவதுதான் கடினம்.

எப்படி என்றால், உழவர் சந்தையைச் சொல்கிறேன். அங்கே அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். சனிக்கிழமை காலையில் தக்காளி வாங்கும் பொறுப்பு அவளுடையது. பலகையில் "தக்காளி" என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து விலையைப் பார்த்து வரவேண்டும். பிறகு அவளே பொறுக்கி, அவளே காசு கொடுத்து, மீதியை எண்ணி வாங்கவேண்டும். ஆரம்பத்தில் இதற்கு இருபது நிமிடம் பிடித்தது. பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள் என்று கூட்டம் சேருமுன்பே போய்விடுவோம். வழக்கமாகக் கீரையும் தக்காளியும் விற்கும் ஒரு அம்மா, "மெதுவா எண்ணு கண்ணு, நா எங்கயும் போயிற மாட்டேன்" என்பார். அவர் கற்றுக்கொடுத்ததில் பாதிகூட நான் கற்றுக்கொடுத்திருக்க மாட்டேன். கால், அரை, முக்கால் எல்லாம் அங்கேதான் வந்தன. வீட்டுக்கு வந்ததும் இரண்டு கொட்டாங்குச்சியையும் ஒரு குச்சியையும் கயிற்றால் கட்டித் தராசு செய்து, பெரிய தக்காளிக்கு எத்தனை சின்ன வெங்காயம் சமம் என்று அவளாகவே நிறுத்துக்கொண்டிருந்தாள்.

எழுத்து வந்ததற்குப் பேருந்துகளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். நம் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை. "பேட்டை" என்ற சொல்லின் வடிவம் அவளுக்குப் படம்போலப் பதிந்துவிட்டது. ஒருநாள் தட்டுவடை செட் கடை முன்னால் நின்றுகொண்டு, "பேட்டைல வர்ற அதே ட் தான் தட்டுவடைலயும் இருக்கு" என்றாள். ஒற்றெழுத்து என்றால் என்ன என்று நான் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் செவ்வாய் ஏன் வந்தது என்று கேட்டபோது, செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் என்று அவளுடைய அம்மாயி (என் அம்மா) சொன்னார். அப்படியே வாரத்தின் ஏழு நாளும் வரிசையாக வந்துவிட்டன. அதே பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர், வெள்ளிக் கம்பியை வளைத்து வளையம் வளையமாகக் கோப்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவிட்டார். அதிலிருந்து அவள் காலில் கிடக்கும் கொலுசை அவள் பார்க்கிற பார்வையே வேறு.

மிக நன்றாக அமைந்தது ஜவ்வரிசிதான். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பேன். பாயசத்தில் கிடந்த ஜவ்வரிசியைக் காட்டி "இது எந்தச் செடியில காய்க்குது?" என்றாள். பதில் சொல்லாமல் மறுநாள் மரவள்ளிக்கிழங்கு ஒரு கிலோ வாங்கினேன். தோலுரித்துத் துருவுவது என் வேலை. துருவலில் தண்ணீர் விட்டு வேட்டித் துணியில் கட்டிப் பிழிவது அவள் வேலை. பால் மாதிரி இறங்கியதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அசைக்காமல் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது, மேலே கலங்கல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். பச்சை மரவள்ளியில் நச்சுச்சத்து உண்டு, பிள்ளை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் இருந்த மாவை அவள் விரலால் அழுத்தியபோது "கீச்" என்று சத்தம் வந்தது. கையில் எடுத்தால் கட்டியாக இருக்கிறது, விரித்தால் வழிகிறது. ஒரு மணி நேரம் அதை மட்டும் செய்துகொண்டிருந்தாள். நானும் விட்டுவிட்டேன். சாயங்காலம் ஈரமாவை உதிர்த்து, தட்டில் போட்டு ஆட்டி ஆட்டிக் குருணையாக்கி, தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்து, மாடியில் காயவைத்தோம். உருண்டை எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஆனால் கொதிநீரில் போட்டதும் வெள்ளை மணி கண்ணாடியாக மாறியது. அதைப் பார்த்து அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆத்தூர் பக்கம் உறவினர் வழியாக ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அழைத்துப் போனோம். தொட்டிகளில் பால் படிவதையும், களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்வதையும் பார்த்தவுடன், "நாம பண்ணுனதுதான், பெருசா பண்றாங்க" என்றாள். வரிசையை மாற்றி ஆலைக்கு முதலில் போயிருந்தால், வேடிக்கை பார்த்துவிட்டு வந்திருப்பாள், அவ்வளவுதான். கை வைத்துச் செய்துவிட்டுப் போனதால் அவளுக்கு அங்கே கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. வெளியே போவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது இதுதான்: வீட்டில் தொடங்காத எதையும் வெளியே போய்த் தொடங்குவதில்லை.

மேட்டூர் அணையும் அப்படித்தான். செய்தித்தாளில் தினமும் நீர்மட்டம் போடுகிறார்கள் அல்லவா? அணையில் தண்ணீர் நிற்கக்கூடிய முழு மட்டம் 120 அடி. அவளுடைய அப்பா சமையலறைக் கதவு நிலையில் 120 சென்டிமீட்டருக்கு ஒரு காகித நாடா ஒட்டினார், ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர். காலையில் அப்பா வாசிக்க, இவள் நீல பென்சிலால் கோடு போடுவாள். 2024 ஜூலையில் தண்ணீர் கிடுகிடுவென ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். சில நாள் ஒரே நாளில் ஐந்தாறு அடி. அப்போது அவளுடைய உயரம் 107 சென்டிமீட்டர். நாடாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இன்னைக்கு இடுப்பு வரைக்கும்", "இன்னைக்கு வாய் வரைக்கும் தண்ணி" என்பாள். தலையைத் தாண்டிய அன்று நாற்காலியில் ஏறி நின்று கோடு போட்டாள். மாதக் கடைசியில் 120ஐத் தொட்டது.

அந்த நாட்களில் அவள் கேட்டது: "நம்ம ஊர்ல மழையே பெய்யலையே, தண்ணி எங்கிருந்து வருது?" வரைபடத்தைத் தரையில் விரித்து, குடகில் தலைக்காவிரியிலிருந்து விரலால் வழி போட்டோம். கபினி வந்து சேரும் இடத்தையும் காட்டினோம். மாநிலம், எல்லை என்ற சொற்களெல்லாம் அப்போதுதான் அவள் வாயில் வந்தன. பிறகு மேட்டூருக்குப் போய், 16 கண் மதகு வழியாகத் தண்ணீர் பாய்வதைத் தூரத்தில் நின்று பார்த்தோம். பதினாறையும் எண்ணினாள். நான் எண்ணச் சொல்லவில்லை.

அப்புறம் மலை. சேலத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காடு ஒரு பெரிய கொடை. சுமார் 30 கிலோமீட்டரில் வேறொரு வெயில், வேறொரு மரம், வேறொரு காற்று. காரில் போகாமல் பேருந்தில் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டிருக்கிறது. ஏறும்போது ஒன்று, இரண்டு என்று அப்புச்சி (என் அப்பா) மடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போனாள். பன்னிரண்டில் வாந்தி எடுத்தாள், பதின்மூன்றிலிருந்து மறுபடி எண்ணினாள். இறங்கும்போது முதலில் வந்தது 20. கொஞ்ச நேரம் யோசித்தாள். 17 வந்ததும், "அப்புச்சி, இன்னும் பதினாறு இருக்குது, அப்புறம் அடிவாரம்" என்றாள். கழித்தல் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாராட்டக்கூட வாய் வரவில்லை. வராததும் நல்லதுக்குத்தான், பாராட்டினால் அது உடனே பரீட்சை ஆகிவிடும்.

மேலே போகும்போது ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். ஏற்காட்டில் அது பந்துபோல உப்பியிருக்கும். அங்கே குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கிக் கொண்டுவாருங்கள். சேலம் வந்ததும் பக்கவாட்டில் உள்ளே ஒடுங்கியிருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மேலே காற்றின் அழுத்தம் குறைவு. அவளுடைய அப்பா விளக்கியது, "மேல இருந்த காத்தைப் பாட்டில்ல அடைச்சுக் கொண்டுவந்தோம், கீழே வெளிக்காத்துக்குப் பலம் அதிகம், அமுக்கிடுச்சு" என்று. ஆறு வயதுக்கு அது போதும்.

காப்பித் தோட்டத்தை ஒரே தடவை பார்த்தால் போதாது. கோடை மழை ஒன்று விழுந்த பிறகு மார்ச், ஏப்ரல் வாக்கில் பூக்கும். கிளையெல்லாம் வெள்ளையாக, மல்லிகை வாசத்தோடு சில நாள்தான் இருக்கும். நவம்பருக்கு மேல் அதே செடியில் பழம் சிவந்து, பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். நாங்கள் தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் ஒரே செடியை அடையாளம் வைத்து இரண்டு பருவத்திலும் போய்ப் பார்த்தோம். பழத்தைப் பிதுக்கினால் உள்ளே இரண்டு கொட்டை, தட்டையான பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி. "ரெண்டு பேரும் மூஞ்சியோட மூஞ்சி வச்சுத் தூங்கறாங்க" என்றாள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்த்து, எங்கள் அஞ்சறைப்பெட்டி மிளகுக்கும் அதற்கும் அவளே முடிச்சுப் போட்டாள். அங்குள்ள தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் செடிகள் மண்ணில்லாமல் மரத்தில் ஒட்டி வளர்வதையும் காட்டுங்கள்.

கைகொடுக்காததையும் சொல்லவேண்டும். சரளமாக வாசிப்பது சந்தையிலும் பேருந்திலும் மட்டும் வந்துவிடாது. போர்டு படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கக் கதை படிக்க மூச்சு வாங்கியது. ஐந்தரை வயதிலிருந்து தினமும் இருபது நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து வாசித்தோம். எழுதுவதும் அப்படியே. இவள் எழுதியது பெரும்பாலும் மளிகைச் சீட்டுதான், ஆனாலும் தினமும் எழுதினாள். இந்த உட்காரும் நேரத்தைத் தவிர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, கூட்டாளிகள். காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு பிள்ளையும் இருக்காது. முதல் வருடம் இதில் அவள் வாடித்தான் போனாள். மாலையில் தெருப் பிள்ளைகளோடு விளையாடும் நேரத்தை நாங்கள் எதற்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. உங்கள் பையன் 4 வயது என்பதால் பக்கத்து அங்கன்வாடியில் தினமும் கொஞ்ச நேரம் விடுவதும் நல்ல வழி.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. வீட்டில் கற்பிப்பதைப் பற்றி அது தனியாகப் பேசவில்லை. ஆனால் இதுவரை பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, பின்னால் மனம் மாறினால் கதவு மூடிவிடாது. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணையான நிலைகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் வரும் ஜூனில் பள்ளியில் சேர்ப்பதா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவளையும் கேட்டுத்தான் முடிவெடுப்போம்.

வீட்டில் ஒரு பெரியவர் அவசரமில்லாமல் இருக்கவேண்டும், இதற்கு அதுதான் உண்மையான செலவு. எங்களுக்கு அம்மாயியும் அப்புச்சியும் இருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், துணைக்கு யாரும் இல்லை என்றால், நல்ல மனதுள்ள சின்னப் பள்ளியில் விட்டுவிட்டு சனி ஞாயிறில் இதையெல்லாம் செய்யுங்கள்.

தொடங்குவதற்கு ஒன்று சொல்கிறேன். மாம்பழ சீசன் வரும்போது குண்டு, மல்கோவா, இமாம்பசந்த், செந்தூரா என்று வகைக்கு ஒன்று வாங்கிவந்து, பையன் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே பெயர் சொல்லட்டும். பழத்தை யார் நறுக்குவது என்று மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் அதற்குத்தான் சண்டை.