ஒரே கண்மாய், பன்னிரண்டு மாதங்கள்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரி. பொறியியல் படித்துச் சென்னையில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தபின் ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளை இயற்கை நடைக்கு அழைத்துச் செல்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறேன். சென்ற மாதம் நாற்பது பிள்ளைகளைப் பிரான்மலைக்கு அழைத்துச் சென்றேன். பறவைகளின் பெயர்களை இரவெல்லாம் படித்துக்கொண்டு போயிருந்தும், பாதி வழியிலேயே அவர்கள் களைத்துப்போய், எப்போது சாப்பாடு என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். "பிள்ளை மேய்க்கவா உன்னைப் படிக்கவைத்தேன்?" என்கிறார் அப்பச்சி. இது ஒரு தொழில்தானா? எனக்கு அதற்குத் தகுதி உண்டா? செட்டிநாட்டுப் பொட்டலில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பிரான்மலை, கபிலர் பாடிய பறம்பு மலை. பிள்ளைகள் அவசியம் ஏறிப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வேனில் போய் ஏறி இறங்குவது சுற்றுலாவாக நின்றுவிடும். முன்பின் பார்த்திராத இடத்தில் எது புதிது, எது மாறியிருக்கிறது என்று ஒரு பிள்ளையால் எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே பள்ளியிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு கண்மாயைத் தேர்ந்துகொண்டு, அதே பிள்ளைகளை மாதந்தோறும் அங்கேயே அழைத்துச் செல்லுங்கள் என்பதே பதினான்கு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

முதல் மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் சிவப்புப் பட்டுப்போல ஊர்ந்து வரும். ஐப்பசியில் வரத்துக்கால் வழியே நீர் வரும்போது, அதை எதிர்த்து மேல்நோக்கி நடந்து, தண்ணீர் எந்தப் பொட்டலில் விழுந்து, எந்த ஓடையில் சேர்ந்து, கண்மாய்க்கும் ஊருணிக்கும் வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். மழை குறைந்த இந்தச் சீமையில் ஒவ்வோர் ஊரும் குடிநீருக்கென்று தனி ஊருணியை வெட்டி, செம்புரான் கல்லால் படி கட்டிக் காத்ததன் காரணம் அந்த ஒரு காலையில் அவர்களுக்கு விளங்கிவிடும். மார்கழியிலோ தையிலோ ஒரே ஒருமுறை திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போகலாம். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களில் கருவேல மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் அடைந்திருக்கும். அவற்றைக் காட்டுவதோடு நிறுத்தாமல், பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத அந்த ஊர்க்காரர்களோடும் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். என் பிள்ளைகள் நாரைகளை மறந்தாலும் அந்த ஊரை மறக்கவில்லை.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு பங்குனியில், வற்றிய கண்மாய்க்குள் நின்று ஆட்காட்டிக் குருவியைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் தலைக்குமேல் கத்திக்கொண்டே பறந்தது. வகுப்பில் மந்தம் என்று பெயர் வாங்கியிருந்த, ஆட்டுக்கிடை போடும் ஒரு கீதாரி வீட்டுப் பையன், "ஐயா, காலை எடுக்காதீங்க" என்றான். என் காலுக்கு ஒரு சாண் தள்ளி, கூடு என்று சொல்ல எதுவுமில்லாத வெறும் சரளையில், சரளையின் நிறத்திலேயே நான்கு முட்டைகள் இருந்தன. கிடை போடும் இடங்களில் அதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். அன்றுமுதல் பெயர் சொல்வதைக் குறைத்துக்கொண்டு, யார் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பதைக் கூட்டிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாத செடியை உங்கள் ஆயாவிடம் கேட்டு அடுத்த மாதம் வந்து சொல்வதாகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உங்கள் மதிப்பு அதனால் குறையாது.

மேய்ப்பது என்று அப்பச்சி சொன்னது உங்களை வருத்தியிருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் பாதியை நான் மேய்ப்பவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர்கள் கிடையில் மிக மெதுவாக நடக்கும் குட்டியின் வேகத்தில் நடக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைகளை எண்ணுகிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவர் போதாது. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் இல்லாமல் நான் புறப்படுவதில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுமுன், ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும். கண்மாயை அது வற்றியிருக்கும்போதே ஒருமுறை நீங்கள் தனியாக நடந்து பாருங்கள்: கிராவல் மண் அள்ளிய குழிகள் நீர் நிறைந்தபின் கண்ணுக்குத் தெரியாது, ஓரத்திலேயே ஆளை விழுங்கும் ஆழம் இருக்கும். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து எங்கே இருக்கிறது என்பதை நடைக்கு முந்தின நாளே விசாரித்து வைத்திருப்பதும் உங்கள் வேலைதான். கரையேறுமுன் கடைசிப் பிள்ளையை எண்ணி முடிக்கும்வரை எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். அது போய்விடக்கூடாது என்றே விரும்புகிறேன்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: சென்னைச் சம்பளம் வராது. பள்ளிகள் நாள் கணக்கில்தான் கொடுக்கும். சித்திரை, வைகாசியில் நடையே இராது. ஒரு பள்ளி பேசிய பணத்தை எனக்கு ஓராண்டு இழுத்தடித்ததும் உண்டு. இரண்டு மூன்று பள்ளிகளோடு ஆண்டு முழுமைக்கும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், கூடவே வேறொரு சிறு வருமானத்தையும் சில ஆண்டுகளுக்குக் கைவிடாதீர்கள். இப்படிச் செய்தால் இது தொழில்தான். நான் இதில்தான் குடும்பம் நடத்தினேன்.

வரத்துக்கால் நடைக்கு அப்பச்சியையும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, இப்போது எந்த இடத்தில் அடைபட்டு நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்டால், உங்களைவிட அவரால்தான் கையை நீட்டிக் காட்ட முடியும்.