டாக்டர் பதில்கள்: வெற்றிலை மெல்லும்போது வலிக்கும் தாடை

மாமியாருக்கு 72 வயது. மூன்று வாரமாக வலது நெற்றிப்பொட்டில் வலி. சீப்பு பட்டாலே துடித்துப்போகிறார். வெற்றிலையைப் பாதி மெல்வதற்குள் தாடை வலித்து நிறுத்திவிடுகிறார். சற்றுப் பொறுத்தால் சரியாகிறது. பல்லில் குறையில்லை என்கிறார் பல் டாக்டர். யாரிடம் காட்டுவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

நீங்கள் எழுதியதில் தலைவலியைவிட அந்த வெற்றிலைதான் பெரிய துப்பு. பல்வலி என்றால் கடித்ததும் சுருக்கென்று இழுக்கும். தாடை மூட்டில் கோளாறு என்றால் வாயைத் திறக்கும்போதே வலிக்கும், 'கடக்' என்று சத்தமும் வரலாம். மெல்ல மெல்ல வலி ஏறி, நிறுத்தினால் அடங்குகிறது என்றால், மெல்லும் தசைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தலைவலியோடு இதுவும் சேர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் (மூட்டு வாதமான ஆர்த்ரைட்டிஸ் அல்ல). தலைக்குப் போகும் தமனிகளின் சுவர் அழற்சியால் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகிவிடும் நோய் இது. எழுபது வயதுகளில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு.

காதுக்கு முன்னால் விரல் நுனியை வைத்து நெற்றிப்பொட்டுவரை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்து, தொட்டால் வலித்து, துடிப்புக் குறைந்திருக்கலாம். இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தைலம் போட்டு நீவிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

சில விநாடி ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருண்டு தெளிந்ததா, பொருள் இரண்டாகத் தெரிந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இது அவசர கேஸ்: புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர், அல்லது கடலூர் சாலையில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை. கண் நரம்புக்கு ரத்தம் நின்றால் வலியே இல்லாமல் பார்வை போய்விடும், பெரும்பாலும் திரும்பாது. சிகிச்சை தாமதமானால் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ அடுத்த கண்ணும் போகலாம். கண்ணில் எதுவும் இல்லையென்றாலும் இன்றைக்கே ஒரு பொது மருத்துவரிடம் காட்டி, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., கூடவே ரத்தத் தட்டணுக்கள் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அப்பாவுக்கு ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று சந்தேகம், இ.எஸ்.ஆர். 96. டாக்டர் அன்றே ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டார். பயாப்சி (தமனியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) நான்கு நாள் கழித்து என்கிறார். மருந்து போன பிறகு எடுத்தால் என்ன தெரியும்?
– வாசகர், வில்லியனூர்

டாக்டர் செய்தது சரி. பயாப்சிக்காக மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. தமனிச் சுவரில் உள்ள மாற்றம் ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு வாரம் வரையிலாவது தெரியும். அல்ட்ராசவுண்டில் குழாயைச் சுற்றித் தெரியும் கருவளையம்தான் சீக்கிரம் மங்கும். அதை முதல் வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

அழற்சி தமனி முழுக்க ஒரே சீராக இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். அதனால் துண்டு குறைந்தது 1 செ.மீ. இருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் சுருங்கும் என்பதால் சர்ஜன் சற்றுக் கூடுதலாகவே எடுப்பார். அப்படியும் ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வரலாம். அறிகுறிகள் வலுவாக இருந்தால் அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. இ.எஸ்.ஆர். கதையும் அப்படித்தான். காசநோய், ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு எதிலும் அது ஏறும். இந்த நோயிலேயே சிலருக்கு இயல்பாகவும் இருக்கும்.

2022இல் வந்த மதிப்பெண் முறையில் பயாப்சிக்கோ கருவளையத்துக்கோ 5, திடீர்ப் பார்வையிழப்புக்கு 3, தாடை வலிக்கு 2 என்று கூட்டி, 6 வந்தால் இந்த நோய் என்று வகைப்படுத்துவார்கள். பரீட்சை மார்க் மாதிரி இதையே பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது ஆராய்ச்சிக்காக நோயாளிகளை வகைப்படுத்தும் முறை. 5 வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு அல்ல.

தலைவலியே இல்லாமல் இந்த நோய் வருமா?
– வாசகர், பாகூர்

வரும். இரண்டு தோளும் இடுப்பும் காலையில் இறுகி, சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாமல் போவது ஒரு வகை. 'வயசாச்சு' என்று விட்டுவிடுவது இதைத்தான். விடாத காய்ச்சலும் எடை குறைவும் மட்டுமே இன்னொரு வகை. நம் ஊரில் முதலில் காசநோயையும் புற்றுநோயையும் தேடுவது நியாயமே, ஆனால் அவை இல்லையென்றானதும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சிலிருந்து கைக்குப் போகும் பெரிய குழாய்கள் பாதித்தால் துணி பிழியும்போது கை ஓய்ந்துபோகும். இரண்டு கையிலும் பி.பி. பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒரு கையில் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். வறட்டு இருமல், நாக்கு வலி என்று வருகிறவர்களும் உண்டு.

இந்த நோய்க்குச் சர்க்கரை நோயாளி ஸ்டீராய்டு எடுக்கலாமா?
– வாசகி, திருப்பாப்புலியூர்

எடுத்தே ஆக வேண்டும். வழக்கமாக பிரெட்னிசோலோன் தினமும் 40 முதல் 60 மி.கி.; பார்வை பாதித்திருந்தால் முதலில் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. காலையில் மாத்திரை போட்டால் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். டாக்டர் சொல்லும் கால்சியம், வைட்டமின் டி விட்டுப்போக வேண்டாம். மருந்தை ஓராண்டுக்கு மேலாகப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். வலி போய்விட்டது என்று நீங்களாக நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்க மறந்திருக்கும் உடம்பு மயக்கம் போட்டு விழவும் செய்யும்.