அஞ்சல் பெட்டியில் மூன்று பெயர்கள்

தம்பி,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோயம்புத்தூர்க்காரர், ஜெர்மனியில் டார்ட்மண்ட் நகரத்தில் வேலை, போன செப்டம்பரில் ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி, கைக்கு வந்திருக்கிறது. ஊரில் மனைவி, மூன்று வயது மகள், அப்பா போனபிறகு தனியாக இருக்கும் அம்மா. "மூன்று பேரையும் ஒரே சமயத்தில் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட முடியுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே சமயத்தில் வேண்டாம். மனைவியும் மகளும் வருவது ஒரு கணக்கு, அம்மா வருவது வேறு கணக்கு. ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கும் சின்னக் குழந்தைக்கும் இங்கே வந்து சேர்ந்து வாழச் சட்டம் உரிமையே கொடுத்திருக்கிறது. நிபந்தனைகள் சரியாக இருந்தால் அதிகாரி தன் விருப்பத்துக்கு மறுக்க முடியாது. அம்மாவுக்கோ "கொடுக்கலாம்" என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டினால், அம்மாவின் காகிதம் எங்கேயாவது நிற்கும்போது மகளின் பயணமும் சேர்ந்து நிற்கும். மனைவி, மகள் விண்ணப்பத்தை முதலில் கொடுங்கள்.

நான் 2014 ஜனவரியில் இரண்டு வயது மகனோடு வந்தவள். என் கணவருக்கும் உங்களைப் போலவே ப்ளூ கார்டு. அதனால் மனைவியாக வருகிறவரின் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்ல முடியும். விசா பட்டியலில் அவை இருக்காது.

முதலில் பெயர். நம் ஊர் ஆட்களுக்குப் பாதித் தலைவலி இங்கேதான். திருமணப் பதிவுச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், படிப்புச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நமக்கு மூன்றும் ஒரே ஆள் என்று தெரியும். சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தில் கோப்பைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கும் முன் எல்லாக் காகிதங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்த வேண்டியது இருந்தால் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடுவதால், பெயர் இடம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்கள் நிறைய. 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்த்திருக்கலாம். இப்போது தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 15 வயது வரை அந்த வழி உண்டு.

இதில் ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள். "குடும்பம் என்று காட்ட வேண்டும்" என்று யாராவது சொன்னார்கள் என்பதற்காக, மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய சர்நேமை உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு குடும்பப் பெயர் வைத்திருப்பது ஜெர்மனியில் சாதாரண விஷயம். உறவைக் காட்டத் திருமணச் சான்றிதழ் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் அவருடைய பட்டம், மதிப்பெண் பட்டியல், வேலை அனுபவக் கடிதம் எல்லாம் வேறொருவருடையது போல ஆகிவிடும். நாளைக்கு இங்கே வேலை தேடும்போது அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே திரிய வேண்டியது அவர்தான்.

ஜெர்மன் மொழிச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாதாரணமாக மனைவிக்கு ஏ1, அதாவது தொடக்க நிலை ஜெர்மன் சான்றிதழ் தேவை. ப்ளூ கார்டுக்காரரின் மனைவிக்கு அந்த விதி இல்லை. விதி இல்லை என்றாலும், அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் அவர் ஏ1 படித்துவிட்டு வரட்டும். நான் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தேன். முதல் குளிர்காலம் முழுக்கக் கடைக்காரரிடம்கூட என் கணவரைப் பேசவிட்டுப் பின்னால் நின்றேன். பிறகு எங்கள் ஊர் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெயில், அதாவது நகராட்சி நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்துதான் எனக்கு நாக்கு எழுந்தது.

டூரிஸ்ட் விசாவில் வரவழைத்து இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். நம்பாதீர்கள். குடும்பமாகச் சேர வருகிறவர் அதற்கான தேசிய விசாவோடுதான் வர வேண்டும். அதற்குக் கட்டணம் பெரியவருக்கு 75 யூரோ, குழந்தைக்கு 37.50. ப்ளூ கார்டுக்காரரின் மனைவி, பிள்ளைகளுக்கு வீட்டின் சதுர மீட்டரைப் பார்ப்பதை 2024 மார்ச்சிலிருந்து விட்டுவிட்டார்கள். ஆனாலும் உங்கள் ஒற்றை அறை வீட்டு ஒப்பந்தத்தில் ஒருவர்தான் என்று எழுதியிருந்தால், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மனைவியும் மகளும் வந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள், நீங்களே செய்திருப்பீர்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், அவர் முகம் சுளித்தால் எல்லாம் அங்கேயே நிற்கும்.

இப்போது அஞ்சல் பெட்டி. சின்ன விஷயம்தான், ஆனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். எங்கள் பெட்டியில் என் கணவரின் அப்பா பெயர் மட்டும் இருந்தது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என் அப்பாவின் பெயர். என் பெயருக்கு வந்த இன்சூரன்ஸ் அட்டை திரும்பிப் போயிற்று. குடியிருப்பு அட்டைக்கான ரகசிய எண் கடிதமும் திரும்பிப் போயிற்று. மகனுடைய சர்நேமோ என் கணவரின் சொந்தப் பெயர், அதனால் அவனுடைய அட்டையும் வரவில்லை. பிப்ரவரியில் அவனுக்கு 39 டிகிரி காய்ச்சல். குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், முன் மேசையில் கேட்ட முதல் கேள்வி "அட்டை எங்கே?" பார்க்க மாட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் குழந்தை தோளில் அனலாகக் கொதிக்க, நான் தெரியாத மொழியில் கைகளை ஆட்டிக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடம் இன்றும் நினைவில் இருக்கிறது. அன்று சாயங்காலம் என் கணவர் ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து, மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, செலோடேப் போட்டு ஒட்டினார். அடுத்த வாரத்திலிருந்து எனக்குக் கடிதம் வர ஆரம்பித்தது. நீங்கள் அவர்கள் விமானம் ஏறும் முன்பே ஒட்டிவிடுங்கள். கதவு மணிக்குப் பக்கத்திலும்தான்.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் இன்னொன்று. நீங்கள் அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில், அதாவது கிராங்கன்காசேயில் இருந்தால், வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் தனிக் கட்டணம் இல்லாமல் உங்கள் பேரிலேயே சேர்ந்துகொள்ளலாம். தனியார் இன்சூரன்ஸுக்குப் போனால் ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். தனியாக இருக்கும் இளைஞரிடம் "மாதம் இவ்வளவு மிச்சம்" என்று தனியார்காரர்கள் ஆசை காட்டுவார்கள். குடும்பம் வரப்போகிறது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். போன பிறகு திரும்பி வருவது சிரமம். மகள் வந்ததும் கிண்டர்கெல்டுக்கு, அதாவது அரசு தரும் குழந்தை உதவித்தொகைக்கு எழுதிப் போடுங்கள், 2026 முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 259 யூரோ. கிட்டாவில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில் இடத்துக்கு இன்றைக்கே பெயர் கொடுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கச் சட்டப்படி உரிமை இருக்கிறது, இருக்கும் இடங்கள்தான் போதவில்லை.

உங்கள் மனைவிக்குக் கிடைக்கப்போகிற அட்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதில் "வேலை செய்ய அனுமதி உண்டு" என்று ஜெர்மனில் அச்சடித்திருக்கும். எந்த வேலையும் செய்யலாம், தொழிலும் தொடங்கலாம், யாரிடமும் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. டிபெண்டென்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், தம்பி. நான் ஊரில் ஆறு வருஷம் ஆசிரியையாக இருந்தவள். இங்கே வந்த முதல் வருஷம் பத்து யூரோ செலவு செய்யவும் கேட்டுக்கொண்டு நின்றேன். என் கணவர் கேள்வி கேட்டதே இல்லை, இருந்தும் எனக்குக் கூசும். உங்கள் மனைவி வந்த முதல் மாதமே அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்துவிடுங்கள். அட்டையும் பாஸ்போர்ட்டும் அவர் கைப்பையில் இருக்கட்டும். "பத்திரமாக இருக்கும்" என்று உங்கள் இழுப்பறையில் வைத்துப் பூட்டாதீர்கள்.

அவருடைய அனுமதி இப்போதைக்கு உங்கள் அனுமதியைப் பிடித்துத்தான் நிற்கும். உங்கள் கார்டு எந்தத் தேதி வரையோ, பெரும்பாலும் அவருடையதும் அதுவரை. ஆனால் இங்கே 3 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டால், பிறகு பிரிந்தாலும் அவருக்கென்று தனியாகக் குடியிருப்பு அனுமதி பெறும் உரிமை வந்துவிடும். வீட்டுக்குள் வன்முறை போன்ற கடும் நிலையில் அந்த 3 ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்களை நினைத்து இதைச் சொல்லவில்லை. இதைப் படிக்கும் பெண்களில் யாருக்காவது "உன் விசாவைக் கேன்சல் பண்ணிவிடுவேன்" என்ற மிரட்டல் வீட்டில் கேட்டிருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்: அனுமதியைக் கொடுப்பதும் எடுப்பதும் அரசு அலுவலகம், கணவன் கையில் அது இல்லை. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான 116 016 என்ற உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் அழைக்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இனி அம்மா.

2024 மார்ச் 1 முதல் ஒரு புதிய வழி திறந்தது. அந்தத் தேதியிலிருந்து முதல்முறையாக ப்ளூ கார்டு போன்ற திறன்பணியாளர் அனுமதி பெற்றவர்கள் தங்கள் பெற்றோரை வரவழைத்து வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். மனைவியும் இங்கே நிலையாகத் தங்குகிறார் என்றால் மாமனார் மாமியாருக்கும் இதே வழி உண்டு. அதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள், அவருக்கும் அப்பா அம்மா இருப்பார்கள். உங்கள் கார்டு 2025இல் வந்ததால் நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். எங்கள் முதல் கார்டு 2013. எங்களுக்கு இது இல்லை. பழைய விதிப்படி வேறு வழியே இல்லாத அசாதாரணக் கஷ்டம் என்று நிரூபித்தால்தான் உண்டு, அப்படி நிரூபிப்பது மிகவும் கடினம்.

உங்களுக்கு இதில் நிற்கப்போகிற இடம் இன்சூரன்ஸ். உங்கள் கிராங்கன்காசேயில் அம்மாவைச் சேர்க்க முடியாது. பயண இன்சூரன்ஸை இதற்கு ஏற்க மாட்டார்கள். இங்கேயே வாழ்கிறவருக்கான முழு மருத்துவக் காப்பீடு தனியாரிடம் வாங்க வேண்டும், அறுபது தாண்டியவரை, அதுவும் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவரை, எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள், அல்லது பெரிய தொகை சொல்வார்கள். அம்மாவின் முழுச் செலவும் உங்கள் சம்பளத்தில் அடங்குகிறது என்றும் காட்ட வேண்டும். விசா அப்பாயின்ட்மென்ட் தேடும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு பதில் வாங்குங்கள். கூடவே உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதில் லட்சுமி, பாஸ்போர்ட்டில் மகாலட்சுமி என்றிருந்தால் அவர் உங்கள் அம்மா என்பதையே நிரூபிக்க வேண்டிவரும்.

அதற்கு முன், அம்மாவை ஒருமுறை விசிட் விசாவில் வரவழையுங்கள். 180 நாளில் 90 நாள் தங்கலாம். ஏப்ரல் கடைசியில் வரட்டும். டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும், அது முதல்முறை பார்க்க வேண்டிய காட்சி இல்லை. டார்ட்மண்டிலிருந்து ஹம் நகரம் பக்கம்தான். அங்கே இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர்த் திருவிழா. ஜெர்மன் சாலையில் தேர் போவதை அம்மா ஒருமுறை பார்க்கட்டும். நீங்கள் வேலைக்கும் பேத்தி கிட்டாவுக்கும் போன பிறகு, காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை அந்த வீட்டில் தனியாக இருந்து பார்க்கட்டும். பிறகு அவரிடமே கேளுங்கள். நாம் அழைப்பது பற்றியே யோசிக்கிறோம், வருகிறவரிடம் கேட்க மறந்துவிடுகிறோம்.

என் அம்மா மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் திருச்சியிலிருந்து தினசரி காலண்டரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, சமையலறை ஆணியில் மாட்டுவார். காலையில் குளித்ததும் ஒரு தாளைக் கிழித்து, ராகு காலம் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள்டி?" என்பார். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடமாட்டார், பின்பக்கத்தில் என் மகனுக்கு அ, ஆ எழுதிக் காட்டுவார். கடைசி முறை போனபோது மீதிக் காலண்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனார். 2019 ஆகஸ்டில் நிற்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் என்ன இருக்கிறது, காலியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அம்மாவுக்கு என்ன வயது, சர்க்கரை இருந்தால் மாத்திரையா ஊசியா என்பதையும் கேட்டு எழுதுங்கள். இன்சூரன்ஸ் படிவத்தில் அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.