சிறுகுடற் புற்றுநோய்: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் பதில்கள்

மூதூர் வாசகி: அப்பாவுக்கு 61 வயது. இரத்தச்சோகை திரும்பத் திரும்ப வருகிறது. வாய்வழியும் மலவாசல் வழியும் குழாய் விட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். நிம்மதியாக இருக்கலாமா, ஐயா?

பதில்: இருக்க வேண்டாம், மகள். முதற்குழாய் முன்சிறுகுடல் வரையும், மற்றையது சிறுகுடலின் கடைசிப் பகுதியான சுருட்குடலின் முனை வரையுமே எட்டும். இடையிலுள்ள சில மீற்றர் குடலை இரண்டும் காண்பதில்லை. அங்கு புற்றுநோய் அரிது என்பதாலேயே அதைத் தேடத் தாமதமாகிறது. திரவம் பருகச் செய்து, குடலை விரித்து எடுக்கும் சி.டி. ஸ்கேனைப் பற்றிக் கேளுங்கள். அடுத்து, விழுங்கும் கமரா உண்டு. உண்டபின் வயிறு முறுக்கி வலித்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனெனில் குடல் ஒடுங்கிய இடத்தில் கமரா சிக்கிவிடலாம். காரணம் அறியாமல் இரும்புச்சத்துக் குளிசையோடு நின்றுவிடாதீர்கள். அது இரத்தத்தை ஏற்றும், கசிவை நிறுத்தாது.

கிண்ணியா வாசகர்: கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்கிறார்கள். வாப்பாவை அனுப்பப் பயமாக இருக்கிறது.

பதில்: அச்சம் புரிகிறது, கருத்துத்தான் தவறு. குடலின் உட்படலத்தில் தோன்றும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோயை, இருபுறமும் நல்ல குடலோடும் அதைத் தாங்கும் மடிப்பின் நிணநீர்க் கணுக்களோடும் சேர்த்து அகற்றுவதே குணமாவதற்கான வழி.

உப்புவெளி வாசகர்: ஜிஸ்ட் என்ற வகைப் புற்றுக்கட்டி உடைந்தால் வயிறெங்கும் பரவும் என்று என் வைத்தியரே சொன்னாரே? கிண்ணியா நண்பரின் பயம் நியாயந்தானே?

பதில்: வைத்தியர் சொன்னது உண்மை, நீங்கள் எடுத்த முடிவு சரியன்று. குடற்சுவரில் வளரும் அக்கட்டி மென்மையானது. கிழிந்தால் கலங்கள் வயிற்றறையில் சிதறும். அதனாலேயே அதை உடையாமல் முழுதாக எடுக்கிறோம். நிணநீர்க் கணுக்களை அகற்றுவது பெரும்பாலும் தேவைப்படாது. மீண்டும் வரும் ஆபத்து அதிகமெனில், இமாட்டினிப் என்ற புற்றுநோய்க் குளிசை வழமையாக 3 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படும். காலந்தாழ்த்தினால் கட்டி தானாகவே உடையவும் கூடும் என்பதை அஞ்சுகிறவர்கள் எண்ண வேண்டும்.

கிண்ணியா வாசகர்: அப்படியானால் ஊசியால் மாதிரி எடுப்பதே கூடாதா?

பதில்: அப்படியன்று. இலகுவாக அகற்றக்கூடிய ஜிஸ்ட் என்று தெரிந்தால் தவிர்க்கலாம். ஆனால், சுருட்குடல் முனையில் காசநோயும், நிணநீர்க் கலங்களின் புற்றான லிம்போமாவும், ஸ்கேனில் சத்திரசிகிச்சை தேவைப்படும் புற்றுக்கட்டி போலவே தோன்றலாம். இரண்டுக்கும் முதன்மைச் சிகிச்சை மருந்தே. இழைய மாதிரி இன்றி அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

நிலாவெளி வாசகர்: குழாய்ப் பரிசோதனை இரண்டும் சரி. இரும்புக் குளிசையைத் தொடரலாமா?

பதில்: மூதூர் வாசகிக்கு எழுதியதைத் தயவுசெய்து வாசியுங்கள். இதே கேள்வி மீண்டும் வருகிறது. காரணத்தைத் தேடுங்கள்.

நகர வாசகர்: மூலத்துக்கு என்ன செய்யலாம்?

பதில்: சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள்.

சாம்பல்தீவு வாசகி: சுருட்குடலின் கடைசி இரண்டரை அடியை அகற்றினார்கள். இப்போது களைப்பும் கால் விறைப்பும் இருக்கின்றன.

பதில்: விற்றமின் பி12 உறிஞ்சப்படுவது அந்தப் பகுதியில்தான். குருதியில் அதன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; குறைவென்றால் ஊசி வாழ்நாள் முழுதும் தேவைப்படலாம். விறைப்பு நீடித்தால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.