காலடியில் குழம்பா, பாறையா?

கேள்வி: பூமிக்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அப்படியிருக்க மேலோடு, கவசம், கரு என்று கலர் கலராகப் படம் வரைந்து கிலோமீட்டர் கணக்கோடு பாடப்புத்தகத்தில் போடுகிறார்களே, எந்த தைரியத்தில்? (திருவாரூர் வாசகர்)

பதில்: நியாயமான சந்தேகம். தோண்டியே பார்த்துவிடலாம் என்று சோவியத் விஞ்ஞானிகள் 1970இல் கிளம்பினார்கள், நார்வே எல்லைக்குப் பக்கத்தில் கோலா தீபகற்பத்தில். ஏறக்குறைய இருபது வருடம் துளைத்து 12,262 மீட்டர் வரை இறங்கினார்கள். அங்கே 100 டிகிரி சூடு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், இருந்ததோ 180. அந்தச் சூட்டில் பாறை பிசினாக இளகி, மேற்கொண்டு துளைக்கவே விடவில்லை. மையத்துக்கு இன்னும் 6,350 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி, மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை!

ஆக, அந்தப் படம் பார்த்து வரைந்தது இல்லை, கேட்டு வரைந்தது. பெரிய நிலநடுக்கத்தின் அதிர்வு பூமியை ஊடுருவி மறுபக்கம் வரை போகும். முந்தி வருவது பி அலை, பிந்தி வருவது எஸ் அலை, இதில் எஸ் அலை திரவத்துக்குள் நுழையாது. இரண்டையும் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டாம். 1897 அசாம் பூகம்பம் ஐரோப்பியக் கருவிகளில் பதிவானதை வைத்துத்தான் அதைச் செய்தார். பூமிக்கு நடுவில் தனியாக ஒரு கரு உண்டு என்று 1906இல் எழுதியவரும் அவரே. எஸ் அலை அந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை என்பதால், கரு திரவம்தான் என்பது பிற்பாடு உறுதியானது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் டென்மார்க்கின் இங்கே லேமன். 1929இல் நியூசிலாந்தில் ஒரு பூகம்பம், அதன் பி அலைகள் வரவே கூடாத இடங்களில் மெலிதாக வந்திருந்தன. மற்றவர்கள் ஏதோ சமாதானம் சொல்லி விட்டுவிட்டார்கள், இந்த அம்மா விடவில்லை. கம்ப்யூட்டர் ஏது அப்போது? தோட்டத்தில் மேஜை போட்டு, காலி ஓட்ஸ் டப்பாக்களில் பூகம்ப விவர அட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பாராம். திரவக் கருவுக்குள் இன்னொரு உருண்டை இருக்கிறது என்று 1936இல் சொன்னார். இன்றைய கணக்கு இதுதான்: சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை கவசம், 5,150 வரை உருகிய இரும்பு, அதற்குள்ளே கெட்டி இரும்பு.

கேள்வி: அப்படியானால் நாமெல்லாம் எரிமலைக் குழம்பின் மேல்தான் மிதக்கிறோமா? (ஈரோடு வாசகி)

பதில்: இல்லைங்க. யூடியூப் வீடியோக்கள் செய்த வேலை இது. கவசம் பாறைதான், அதில் எஸ் அலை தாராளமாகப் போகிறது என்பதே சாட்சி. ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப் பாறையே லட்சக்கணக்கான வருடங்களில் மெல்ல நகர்ந்து கொடுக்கும். குழம்பு உருவாவது சில இடங்களில் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

பூமியின் மேற்புறம் பெரிய பெரிய பாறைத் துண்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது, அவற்றைத்தான் தட்டுகள் என்கிறார்கள். இந்தத் தட்டுகளைக் குழம்பு சுமந்துகொண்டு போவதில்லை. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனமாகி, ஓரத்தில் கவசத்துக்குள் அமிழ்கிறது. கொடியில் போட்ட ஈரப்புடவை ஒரு பக்கம் நீளமாகத் தொங்கினால் மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு சரியுமே, அப்படி அமிழ்ந்த பகுதி மீதித் தட்டை இழுக்கிறது. வேறு விசைகளும் உண்டு, முக்கியமானது இது.

கேள்வி: 2012இல் சுமத்ரா பக்கம் அவ்வளவு பெரிய பூகம்பம் வந்தும் 2004 மாதிரி சுனாமி வரவில்லையே, ஏன்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: உங்கள் ஊர்க்காரர் கேட்காமல் யார் கேட்பது. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரம் 6.29. இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கம் பர்மாத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டிருக்கும் இடத்தில், நெடுங்காலமாகச் சிக்கிக்கொண்டிருந்த மேல்தட்டு விடுபட்டு எகிறியது. கிட்டத்தட்ட 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு. கடல்தரை சில மீட்டர் மேலே வந்தால் அதன் மேல் நிற்கும் தண்ணீரும் மேலே வந்துதானே ஆகவேண்டும், அதுதான் சுனாமியாகக் கிளம்பியது.

2012 ஏப்ரல் 11 மதியம் வந்தது 8.6, சாதாரணமானதில்லை. சென்னையில் ஆபீசுகளை விட்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அந்த நாள். ஆனால் அது தட்டின் விளிம்பில் வரவில்லை, மேற்கே தள்ளி, தட்டுக்கு உள்ளேயே. பிளவின் இரு பக்கமும் பக்கவாட்டில்தான் உரசி நகர்ந்தன, தரை பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இந்தோனேசியக் கரையில் சின்ன அலை எழுந்ததோடு சரி. அதற்காக எச்சரிக்கை வந்தால் 'போன தடவை ஒன்றும் ஆகலையே' என்று கரையிலேயே நிற்காதீர்கள். எந்த வகை நடுக்கம் என்பது முதல் சில நிமிடங்களில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

கேள்வி: இந்தியா இன்னும் நகர்கிறதா? (மதுரை வாசகர்)

பதில்: வருடத்துக்கு 5 செ.மீ. வாக்கில், வடகிழக்காக. ஆசியாவில் மோதும் முன்பு இதைப் போல மூன்று மடங்கு வேகம். அந்த மோதலில் எழும்பியதுதான் இமயமலை, அதனால்தான் எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை.

கேள்வி: இத்தனை தெரிந்தும் பூகம்பத்தை முன்கூட்டியே சொல்ல முடியாதா? (கோவை வாசகி)

பதில்: முடியாது. தேதி, நேரம் போட்டு வாட்ஸப்பில் வந்தால் டெலீட் செய்துவிடுங்கள். ஆனால் நடுக்கம் தொடங்கிய பிறகு சில நொடி கிடைக்கும், முந்தி வரும் பி அலையைப் பிடித்து, பலமாக ஆட்டும் எஸ் அலை வருவதற்குள் எச்சரிப்பது. ஜப்பானில் 2011 பூகம்பத்தில் இப்படி முந்திக் கிடைத்த எச்சரிக்கையால் புல்லட் ரயில்களுக்குத் தானாக பிரேக் விழுந்தது, பயணிகளோடு ஓடிய ஒன்றுகூடத் தடம் புரளவில்லை.