டாக்டரின் காப்பீடு யாருக்குக் குடை?

மெரிபேங்க் வாசகி: தனியார் மருத்துவமனையில் பித்தப்பை அறுவையின்போது என் கணவருக்குப் பித்தநாளம் அறுபட்டுவிட்டது. டாக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதாம். நேரே அந்த இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே பணம் கேட்கலாமா?

கேட்டால் வராதம்மா. நம் தென்னாப்பிரிக்காவில் சாலை விபத்துக்கு நஷ்டஈடு தரும் அரசு நிதியான ரோடு ஆக்ஸிடென்ட் ஃபண்டில் படிவம் நிரப்பிக் கொடுத்த பழக்கத்தில் பலர் இப்படி நினைக்கிறார்கள். அந்தக் காப்பீடு டாக்டர் தனக்காக வாங்கியது, நீங்கள் அதில் மூன்றாம் ஆள். உங்கள் கோரிக்கை டாக்டர் மீதுதான். அவர் கடிதத்தைத் தன்னைக் காப்பவர்களுக்கு அனுப்புவார், அவர்கள் வக்கீல் வைப்பார்கள். அப்புறம் உங்களுக்கு வரும் பதிலெல்லாம் அந்த வக்கீலிடமிருந்துதான் வரும். இன்னொரு விஷயம்: இங்கே தனியார் டாக்டர்கள் பலர் சேர்ந்திருக்கும் மெடிக்கல் ப்ரொடெக்‌ஷன் சொசைட்டி காப்பீட்டு நிறுவனமே அல்ல. அது உறுப்பினர்களின் சந்தாவில் நடக்கும் சங்கம். ஓர் உறுப்பினருக்கு உதவுவதா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிக்கும்.

எந்த வழியில் போனாலும் கவனக்குறைவை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. நாளம் அறுபட்டது என்பது மட்டும் போதாது. 1924-இல் வான் விக் எதிர் லூயிஸ் வழக்கில், அவசர வயிற்று அறுவையில் பஞ்சுத்துணி ஒன்று உள்ளேயே தங்கி, ஓராண்டு கழித்துத்தான் தெரியவந்தது. அப்படியும் வழக்குப் போட்ட அந்த நோயாளி அம்மா தோற்றார். கஷ்டமான தீர்ப்புதான், ஆனால் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். நியாயமான திறமையுள்ள டாக்டர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். அதைச் சொல்ல அதே துறை நிபுணர் ஒருவர் உங்களுக்குத் தேவை. வழக்குக்கு முன்பே அவரிடம் கோப்பைக் காட்டுங்கள்.

பீனிக்ஸ் வாசகி: அரசு மருத்துவமனைப் பிரசவம். மகளுக்கு மூளை வாதம், இப்போது நான்கு வயது. பிரசவம் பார்த்த டாக்டரின் பெயர்கூடத் தெரியாது. காலம் கடந்துவிட்டதா?

மகளுக்குக் கடக்கவில்லை. பெயரும் அவ்வளவு முக்கியமில்லை. அரசு ஊழியர் வேலையில் செய்த தவறுக்கு அரசே பொறுப்பு என்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு எம்.இ.சி. எனப்படும் மாகாண சுகாதார அமைச்சர் மீது போகும், பணம் மாகாண நிதியிலிருந்து வரும். அரசு நிறுவனத்துக்கு 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது 2002 சட்டம். தவறிப்போனால் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்தின் மன்னிப்பைக் கேட்கலாம். பொதுவான காலவரம்பு, விவரம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு. ஆனால் சிறுவர்களின் உரிமை 18 வயதாகி ஓராண்டு முடியும்வரை காலாவதியாகாது. உங்கள் சொந்த நஷ்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, அதனால் இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.

அதைவிட அவசரம் கோப்பு. குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிந்த சிடிஜி தாளில்தான் இத்தகைய வழக்கின் உயிரே இருக்கிறது, முதலில் காணாமல் போவதும் அதுதான். தகவல் பெறும் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள். பதில் தர 30 நாள். வாயால் கேட்டுவிட்டு வந்தீர்கள் என்றால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் இளம் டாக்டர்: மலிவான பாலிசிக்கு மாறலாமா?

தம்பி, விலையைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: சம்பவம் நடந்த நாளைப் பார்க்கும் பாலிசியா, கோரிக்கை வந்த நாளைப் பார்க்கும் பாலிசியா? இரண்டாவது வகை என்றால், 2022-இல் செய்த அறுவைக்கு 2025-இல் சம்மன் வரும்போது பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நடுவே நிறுத்தினால் 'ரன்-ஆஃப்' என்ற பின்தொடர் காப்பு தனியாக வாங்க வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது. அரசு வேலை பார்த்தபடி வார இறுதியில் தனியாரிடம் இன்னொரு டாக்டருக்குப் பதிலாக வேலை பார்க்கும் லோக்கமும் செய்கிறீர்களா? அந்த நேரத்துக்கு அரசின் குடை கிடையாது.

டோங்காட் வாசகர்: கவுன்சிலில் புகார் கொடுத்தால் நஷ்டஈடு கிடைக்குமா?

கிடைக்காது. டாக்டர்களைப் பதிவு செய்யும் ஹெல்த் ப்ரொஃபெஷன்ஸ் கவுன்சில் டாக்டருக்கு அபராதம் விதிக்கலாம், பதிவை நிறுத்தலாம், நீக்கலாம். உங்கள் கைக்கு ஒரு ரேண்டும் வராது.

சாட்ஸ்வொர்த் வாசகர்: ஜெயித்தால் பாதி எனக்கு என்கிறார் வக்கீல். சரியா?

இல்லை. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாட்டுக்கு 1997 சட்டம் கூரை போட்டிருக்கிறது: வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கு, அல்லது கிடைத்த தொகையில் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பாதி கேட்பவரிடம் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.