ஒப்பிக்கிறான், பொருள் தெரியவில்லை: வீட்டில் மறைக்கல்வியை எப்படிக் கற்பிப்பது?

கேள்வி: மகனுக்கு 9 வயது. நம்பிக்கை அறிக்கை (விசுவாசப் பிரமாணம்), பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறான். பொருள் கேட்டால் விழிக்கிறான். மகளுக்கு 13. ‘இதையெல்லாம் ஏன் நம்பணும்?’ என்று கேட்கிறாள். செவ்வியல் கல்வி முறையில் இருவருக்கும் மறைக்கல்வியை, அதாவது கத்தோலிக்க சமயப் பாடத்தை, வீட்டிலேயே கற்பிக்க முடியுமா? மனப்பாடத்தை விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். உங்கள் மகனிடம் குறைவது மனப்பாடத்துக்கு அடுத்த படிதான். செவ்வியல் கல்வியின் அடித்தளம் இலக்கணம் (அடிப்படையைக் கற்பது), தருக்கம் (காரணம் கேட்டு ஆராய்வது), சொல்லாட்சி (பிறருக்கு எடுத்துச் சொல்வது) என்ற மூன்று கலைகள். அவற்றை மூன்று வயதுப் பருவங்களோடு பொருத்துவது 20ஆம் நூற்றாண்டில் பரவிய யோசனை. அதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஒன்பது வயதுக் குழந்தையாலும் காரணம் கேட்க முடியும்.

பாடத்தின் வரிசை முக்கியம். 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூலும் 1992இன் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் ஒரே வரிசையில்தான் செல்கின்றன: நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை), கட்டளைகள், இறைவேண்டல். பல வீடுகளில் கட்டளையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அப்போது சமயம் என்றாலே ‘செய்யாதே’ என்பதுதான் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் 20ஆம் அதிகாரத்தில்கூட, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர் நானே என்று கடவுள் சொன்ன பிறகே முதல் கட்டளை வருகிறது.

திருத்தூதர்களின் நம்பிக்கை அறிக்கையில் 12 கூறுகள், வாரத்துக்கு ஒன்று. அருளடையாளங்கள் ஏழு, நற்கருணைக்கும் ஒப்புரவுக்கும் (பாவசங்கீர்த்தனம்) இரண்டிரண்டு வாரம் கொடுத்தால் 9 வாரம். கட்டளைகளுக்கு 10, இயேசு கற்பித்த செபத்தின் ஏழு மன்றாட்டுகளுக்கு 7. மொத்தம் 38 வாரம். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஒரு வாரம் திரும்பிப் பார்க்க வைத்துக்கொண்டால் 42.

மகனுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம் போதும். முதல் ஐந்து நிமிடம் பழையதைச் சொல்லிப் பார்க்கட்டும். அடுத்து, அந்த வாரத்து வரியைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள். ‘போந்தியு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு’ என்ற இடத்தில், பாடுபட்டவர் யார், பிலாத்து யார், ஓர் ஆளுநரின் பெயர் செபத்துக்குள் ஏன் வந்தது என்று கேளுங்கள். இயேசுவைத் தவிர இந்த அறிக்கையில் பெயர் சொல்லப்படும் மனிதர்கள் மரியாவும் பிலாத்துவும் மட்டுமே. இது வரலாற்றில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்தது என்று அந்தப் பெயர் சொல்கிறது. ‘பாதாளத்தில் இறங்கி’ என்பதை நரக தண்டனை என்று குழந்தைகள் புரிந்துகொள்வார்கள். மீட்பருக்காகக் காத்திருந்த நீதிமான்களை விடுவிக்க அவர் இறந்தோரிடம் சென்றார் என்று அங்கேயே திருத்திவிடுங்கள். பிறகு நற்செய்தியில் ஒரு பகுதியை ஒருமுறை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, அவனையே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இடையில் திருத்தக் கூடாது. வீட்டில் பழைய மொழிபெயர்ப்பும் புதியதும் புழங்கினால் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ‘சர்வேசுரன்’ ஒரு நாள், ‘கடவுள்’ ஒரு நாள் என்றால் வரி மனத்தில் நிற்காது.

வரையறையை அவனே சோதித்துப் பார்க்கட்டும். அருளடையாளம் என்பது காணக்கூடிய அடையாளம், கிறிஸ்து ஏற்படுத்தியது, அருளைத் தருவது. ‘அப்படியானால் தீர்த்தம்? சாம்பல்?’ என்று கேளுங்கள். இரண்டாவது நிபந்தனையை அவை நிறைவேற்றவில்லை என்பதை அவனே கண்டுபிடிப்பான்.

உவமைகளில்தான் பெரிய தவறு நடக்கிறது. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் மூவொரு கடவுளை விளக்க நீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒருவரே மூன்று வேடங்களில் வருகிறார் என்ற பழைய தப்பறையில்தான் (திருச்சபை மறுத்த தவறான போதனை) அது கொண்டுபோய் விடும். மத்தேயு 3:16-17ஐ வாசியுங்கள்: மகன் தண்ணீரிலிருந்து ஏறுகிறார், ஆவியார் புறாவைப் போல் இறங்குகிறார், தந்தையின் குரல் கேட்கிறது. மூவரும் ஒரே வேளையில்.

இனி மகள். அவள் கேட்பதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணிவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் ‘கடவுள் இருக்கிறாரா?’ என்று கேட்டபோது, மறுப்புகளைத்தான் முதலில் எழுதினார்: உலகில் தீமை இருக்கிறதே, இயற்கையைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கலாமே. அவளுக்கும் அதே முறைதான். வாரத்தில் இரண்டு முறை, 40 நிமிடம். நோட்டில் ஒரு கேள்வி, அவளால் முடிந்த அளவு வலுவான இரண்டு மறுப்புகள், அவற்றுக்கு எதிராக விவிலியத்திலிருந்தோ திருச்சபைப் போதனையிலிருந்தோ ஒரு வாக்கியம், அவளுடைய விளக்கம், கடைசியில் ஒவ்வொரு மறுப்புக்கும் தனித்தனிப் பதில். மறுப்புகளை நீங்கள் நீர்த்துப்போகச் செய்தால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும், அதன்பின் பதிலையும் நம்பமாட்டாள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் இடம் விட்டு, தேதி போட்டு, பங்குத் தந்தையிடம் கேளுங்கள். ஒப்பேற்றும் பதில் வேண்டாம்.

உங்கள் தயாரிப்புக்கு 2005இல் வந்த மறைக்கல்விச் சுருக்கம் போதும்: 598 கேள்வி-பதில்கள். 1992 நூலில் 2865 பத்திகள். அதைச் சந்தேகம் வரும்போது எடுத்துப் பாருங்கள். இலத்தீன் இப்போதைக்கு அவசியமில்லை. பங்கின் மறைக்கல்வி வகுப்பை நிறுத்த வேண்டாம்; அருளடையாளத் தயாரிப்பு அங்கேதான் நடக்க வேண்டும்.

குழந்தை கொட்டாவி விட்டால்? 400ஆம் ஆண்டையொட்டிப் புதியவர்களுக்குக் கற்பிப்பதைப் பற்றி எழுதிய புனித அகுஸ்தீனார், கேட்பவர் களைத்தால் உட்கார வைக்கச் சொல்கிறார். நீங்களும் அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது கலையான சொல்லாட்சிக்கு மாதம் ஒருநாள்: மகள் ஒரு கேள்வியைத் தம்பிக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கட்டும். அவன் கேட்கும் குறுக்குக் கேள்வியை நோட்டில் எழுதி, அடுத்த வாரத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.